ஃப்யூஸைக் கழற்றிய பிறகு

குவார்ட்ஸைட் ஊரைத் தாண்டித் தெற்கே ஆறு மைல் போனால் தார் ரோடு முடிந்து வெறும் கல்லும் முள்ளுமாகப் பாலைவனம் தொடங்கும். அங்கே பதினாலு நாள் வரைக்கும் வண்டியை நிறுத்திக்கொண்டு கிடக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஜனவரி மாதம் இரண்டாவது வாரத்தில், சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில், ஆர்டிஸும் நோரீனும் தங்கள் மோட்டார் வீட்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அக்கா தங்கை இருவரில் ஆர்டிஸ் மூத்தவள். வயது அறுபத்தாறு. வடக்கு டக்கோட்டாவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்தவள். மூச்சு உறையும் குளிரில் பஸ்ஸுக்கடியில் மல்லாந்து படுத்து வயர் கோத்த கை அது. நோரீன் அவளுக்கு ஐந்து வயது இளையவள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலமெல்லாம் நின்று நின்று இடுப்பெலும்பு தேய்ந்து, போன நவம்பரில்தான் ஆபரேஷன் செய்து புது எலும்பு வைத்திருந்தார்கள். மூத்தவள் புருஷனை விரட்டிவிட்டவள். இளையவளுடைய புருஷன் செத்துப்போனான். ஆளுக்கொரு வீடு இருந்தது. இரண்டையும் விற்றுத்தான் இந்த முப்பத்திரண்டு அடி வண்டியை வாங்கியிருந்தார்கள். இதை விட்டால் இருவருக்கும் தலைசாய்க்க வேறு கூரை கிடையாது.

வாங்கியது அக்டோபரில், கிங்மன் ஊரில், ராய்ஸ் என்ற ஒருவனிடம். வாங்கிய கையோடு ஆபரேஷன் வந்ததால் வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு ஷெட்டில் சும்மா கிடந்தது. இதுதான் முதல் பயணம்.

உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. கரண்டில் ஓடும் சோபா. பக்கத்துச் சுவரில் சுருள் வயரோடு ஒரு கைச் சுவிட்ச் தொங்கும். ஒரு பட்டனை அழுத்தினால் சாய்மானம் பின்னால் சரிந்து, அடிப்பக்கம் முன்னால் நகர்ந்து, சோபா கட்டிலாகிவிடும். இன்னொன்றை அழுத்தினால் மறுபடி மடங்கி நிமிரும். பின்பக்கக் கட்டிலுக்குப் பிடிமானம் இல்லாத இரண்டு உயரப் படி ஏற வேண்டும். நோரீனால் ஏற முடியாது. அதனால் சோபாதான் அவள் படுக்கை.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நோரீன் சோபாவில் படுத்தாள். ஆர்டிஸ் வெளியே, பேட்டரிக்குக் கரண்டு தரும் சூரியத் தகட்டை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். காற்றுகூட இல்லை. அப்போதுதான் திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது.

ங்ங்ங்ங்...

சிறிய மோட்டார் ஒன்று பாரம் தூக்குகிற முனகல். நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் வந்தது.

"அந்தச் சுவிட்சை வச்சு விளையாடாதடி, பேட்டரி தீந்துரும்!" என்று ஆர்டிஸ் வெளியிலிருந்தே கத்தினாள்.

"நான் எங்கக்கா தொட்டேன்? சுவிட்ச் அந்தா ஆணியில தொங்குது. சோபாதான் என்னைத் தூக்கித் தூக்கிப் போடுது."

"உன் கனத்தை அது தூக்குச்சுன்னா அதுக்குத்தான் மெடல் குடுக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் ஆர்டிஸ் உள்ளே வந்தாள். வாசலுக்குள் கால் வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே ஒரு வாடை. மூட்டுவலித் தைலமும், முகப்பவுடரும், அதற்கடியில் நாள்பட்ட படுக்கைத் துணியின் புளித்த ஈரமும் கலந்த வாடை. ஆஸ்பத்திரியில் வயசானவர்கள் கிடக்கும் வார்டைக் கடக்கும்போது வருமே, அது.

"நீ தைலம் போட்டியா?"

"இல்லையே. நீ போட்டேன்னு நெனச்சேன்."

கண் எதிரிலேயே சோபாவின் சாய்மானம் ஒரு சாண் உயரம் எழும்பி, கொஞ்சம் யோசிப்பது போல நின்று, இறங்கியது. மூன்று தடவை. அப்புறம் அடங்கிவிட்டது.

ஆர்டிஸ் பயப்படவில்லை. அவளுக்கு இது வேலை. சுவிட்சுக்குள் தூசி போயிருக்கும், பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டினாள். சுவிட்சைக் கழற்றித் திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு பட்டன் மட்டும் நடுவில் குழிவிழுந்து தேய்ந்திருந்தது, எத்தனையோ ஆயிரம் தடவை ஒரே விரல் அழுத்தியதைப் போல. சுவிட்சை மேஜை மேல் வைத்தாள். வயர் முனைகள் தனியாக ஆடின.

சோபா எழும்பியது. இறங்கியது. மூன்று தடவை.

"வயர் எங்கியோ நசுங்கியிருக்கும். இல்லேன்னா எலி கடிச்சிருக்கும்," என்றாள் ஆர்டிஸ்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சோபாவுக்கடியில் புகுந்தாள். சாயங்காலம் வரைக்கும் வயரை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தாள். நசுங்கவில்லை. எலி கடிக்கவில்லை. வெளியே வந்தபோது தலைமுடி முழுக்கத் தூசி.

"சரி. கரண்டே வரலேன்னா எப்படி ஓடுவேன்னு பாக்குறேன்," என்று சோபாவைப் பார்த்தே சொன்னாள். வாசல்படிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் பலகை இருந்தது. அதில் சோபாவுக்கு உரிய ஃப்யூஸ், நகம் அளவு நீல வில்லை. பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

நோரீன் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

பின்னால் சோபா தடாலென்று நிமிர்ந்தது.

முன்னைப் போல மெதுவாக இல்லை. நிமிர்ந்து, சரிந்து, நிமிர்ந்து, சரிந்து, இரும்புச் சட்டம் தரையில் இடிக்க இடிக்க, மூச்சு முட்டுகிறவன் கதவைத் தட்டுகிற மாதிரி. அலமாரியில் தட்டுகள் குலுங்கின. ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. கால் மணி நேரம் அடித்துவிட்டு, களைத்துப்போனது போல் நின்றது.

அன்றிரவு இருவரும் பின்பக்கக் கட்டிலில் படுத்தார்கள். தங்கையை இரண்டு படியும் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் எலாடியோ வந்தான். குளிர்காலத்தில் பாலைவனம் பூராவும் பிக்கப் வண்டியில் சுற்றி மோட்டார் வீடுகளைப் பழுது பார்க்கிறவன். ஐம்பது வயது, தொப்பை, வாய் ஓயாத பேச்சு, அம்மா என்பதற்குச் 'சென்யோரா' என்பான். ஆர்டிஸ் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டதே பெரிய விஷயம். அதை அவள் முகமே சொன்னது.

"பஸ் மெக்கானிக்கா இருந்துட்டு ஒரு சோபாவுக்கு என்னைக் கூப்பிடுறீங்களே சென்யோரா, உங்க மானம் என்ன ஆகுறது?"

"என் மானத்தை நான் பாத்துக்கறேன். நீ வயரைப் பாரு."

அவன் படுத்துக்கொண்டு மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை. கரண்டு இல்லை. மோட்டாரிலிருந்து வயர்களைப் பிடுங்கி இரண்டையும் தனித்தனியாக விலக்கிப் பிடித்தான். மறுபடி மீட்டர். பூஜ்யம்.

"இது ஓடாது. இது இப்ப செத்த மோட்டார். நீங்க கனவு..."

அவன் முகத்துக்கு அரை முழம் தள்ளி, வயரே இல்லாத அந்த மோட்டாரின் தண்டு சுழலத் தொடங்கியது.

எலாடியோ நகரவில்லை. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே சோபா எழும்பி இறங்கியது. தைல வாடை குப்பென்று அடித்தது. மெதுவாக, பாம்பு பக்கத்தில் இருந்தால் எப்படியோ அப்படி, உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். கையை மட்டும் உள்ளே நீட்டி, வயர்களை எப்படி இருந்தனவோ அப்படியே மோட்டாரில் மாட்டிவிட்டு எழுந்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்ன பழுது?" என்றாள் ஆர்டிஸ்.

"பழுதே இல்ல சென்யோரா." அவன் குரல் இறங்கிவிட்டது. "யாரோ கூப்பிடுறாங்க. இது எங்க தொழில்ல வராது."

கூலி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஏறிப் போனான். பிக்கப் கிளப்பிய தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"வித்துரலாம்க்கா," என்றாள் நோரீன். வெளியே மடக்கு நாற்காலியில் போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வித்துட்டு? எங்க போய்ப் படுப்ப? என் தோள்லயா?"

"எங்கியாச்சும்."

"அறுபத்தாறு வயசுல எங்கியாச்சும்னு ஒரு ஊருக்கு நான் போக மாட்டேன். இது என் வீடு. உள்ள இருக்கறது யாரா இருந்தாலும் அதுதான் வெளிய போகணும்." திரும்பி வாசலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "காதுல விழுதா? நீ எத்தனை குதி குதிச்சாலும் நான் இறங்க மாட்டேன்!"



அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். ஃப்யூஸ் பலகைக்குக் கீழே பேட்டரியையே துண்டிக்கும் சிவப்புப் பிடி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் வண்டி முழுக்கச் செத்துவிடும். விளக்கு, ஃபிரிட்ஜ், பம்பு, எல்லாம். ஆர்டிஸ் வாசல்படியில் மண்டியிட்டு அதைத் திருப்பினாள்.

ஃபிரிட்ஜின் ரீங்காரம் நின்றது. கடிகாரத்தின் பச்சை எழுத்து அணைந்தது. இதுவரை அங்கே இத்தனை சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம்.

சோபா கட்டிலாக விரிந்தபடி கிடந்தது, அசையாமல்.

"பாத்தியா?" என்றாள் ஆர்டிஸ். குரலில் வெற்றி. "முப்பத்தொரு வருஷம்டி."

கரி அடுப்பு எடுக்க அவள் வண்டிக்குப் பின்பக்கம் போனாள். நோரீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோட் எடுக்க உள்ளே ஏறினாள். ஏறிய களைப்பில், ஒரே ஒரு நொடி, சோபாவில் உட்கார்ந்து சாய்ந்தாள்.

ஆர்டிஸுக்குக் கேட்டது மோட்டார் சத்தம் அல்ல. இரும்பு வளைகிற சத்தம். அப்புறம், "அக்..." என்று பாதியில் அறுந்த குரல்.

ஓடி வந்து பார்த்தபோது சோபா மடங்கியிருந்தது. நடுவில் நோரீன். சாய்மானம் முதுகிலிருந்தும் அடிப்பலகை முழங்காலிலிருந்தும் அவளை நெருக்கியிருந்தன. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. மூச்சு சின்னச் சின்னதாக வந்தது.

ஆர்டிஸ் ஜாக்கிக் கம்பியை எடுத்து இடுக்கில் செருகி முழு பலத்தோடு நெம்பினாள். "விடு அவளை! விடுடா நாயே! அவ உனக்கு என்ன பண்ணா? ஃப்யூஸை எடுத்தது நான்! நான்!" கம்பி வளைந்தது. சோபா வளையவில்லை.

"அக்கா..." நோரீனின் உதடு மட்டும் அசைந்தது.

"பேசாத. மூச்சை விடு."

"என் கையை... யாரோ புடிச்சிருக்காங்க."

ஆர்டிஸ் பார்த்தாள். தங்கையின் வலது கை சோபாவுக்கு வெளியே தொங்கியது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. அங்கே யாரும் இல்லை.

உள்ளங்கையின் நடுவில் தோல் மட்டும் குழிந்தது. மேலே வந்தது. குழிந்தது.

ஒரு கட்டைவிரல் அளவுக் குழி.

"அமுக்குறாங்கக்கா," என்று நோரீன் முணுமுணுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. "பட்டனை அமுக்குற மாதிரி... வேலை செய்யலேன்னு மறுபடி மறுபடி அமுக்குறாங்க. கரண்டைக் குடு. குடுத்துருக்கா."

குடுக்கக் கூடாது என்றுதான் ஆர்டிஸின் உடம்பு முழுக்கச் சொன்னது. வாழ்க்கையில் அவள் எதற்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. ஆனால் வாசல்படிக்கு ஓடினாள். சிவப்புப் பிடியைத் திருப்பினாள். சட்டைப் பையிலிருந்து நீல வில்லையை எடுத்தாள். இரண்டு தடவை கை நழுவியது. மூன்றாவது தடவை உள்ளே போய் உட்கார்ந்தது.

ங்ங்ங்ங்...

சோபா மெதுவாக, வலிக்காமல், ஒரு நர்ஸ் நோயாளியைப் படுக்க வைப்பது போல நோரீனைப் படுக்க வைத்தது.

விலா எலும்பு எதுவும் முறியவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே கன்றிப்போய் ஒரு கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆர்டிஸ் அவளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போனை எடுத்து ராய்ஸைக் கூப்பிட்டாள்.

"வண்டி வாங்குனேனே, ஆர்டிஸ் பேசுறேன். உங்க சோபாவைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

மிக மெல்லிய குரலில் அவன் கேட்டான்:

"ஃப்யூஸைக் கழட்டிட்டீங்களா?"

அவள் இன்னும் ஃப்யூஸ் என்ற வார்த்தையையே சொல்லவில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பத்துத் தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண். குளியலறைக்குள் நின்று பேசுவது போலக் குரல் எதிரொலித்தது.

"நான் ஷெரிலின். ராய்ஸோட சம்சாரம். நான் பேசுனேன்னு அவர்கிட்ட சொல்லிராதீங்க."

"சொல்லு."

"அது எங்க மாமியாரோட படுக்கை. எல்வா. பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சு. ஒரு கைதான் வேலை செய்யும். வீட்டுக்குள்ள வச்சுக்க இவருக்கு மனசில்ல. வண்டியைப் பின்பக்கம் நிறுத்தி அதுலயே படுக்க வச்சாரு. கையில அந்தச் சுவிட்சைக் குடுத்திருந்தோம். ஏதாச்சும் வேணும்னா சோபாவை மூணு தரம் ஏத்தி இறக்குவாங்க. அந்தச் சத்தம் சமையலறைக்குக் கேக்கும், நான் ஓடுவேன்."

"அப்புறம்?"

"போன ஜனவரியில ஃபுட்பால் மேட்ச். இவரோட ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வந்திருந்தாங்க. நான் ஊர்ல இல்ல, எங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க அன்னிக்கு விடாம அமுக்கியிருக்காங்க. மேட்ச் பாக்க விடாம இது என்ன ரோதனைன்னு இவர் போய் ஃப்யூஸைக் கழட்டிட்டாரு. மேட்ச் முடியுற வரைக்கும்தானாம். குடிச்சிட்டு அப்படியே தூங்கிட்டாரு. ஹீட்டர் அதுக்கு முன்னாடியே நின்னுருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாங்களோ என்னமோ." ஷெரிலின் அழுதாள். "காலைல நான்தான் வந்து பாத்தேன். கட்டைவிரல் பட்டன் மேலயே விறைச்சுப் போயிருந்துச்சு. பிரிச்சு எடுக்க முடியல."

ஆர்டிஸ் போனை மடியில் வைத்துவிட்டு, கேட்டதையெல்லாம் தங்கையிடம் சொன்னாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"அவன் செஞ்சதையேதாண்டி நானும் செஞ்சேன்," என்றாள் கடைசியில்.

நோரீன் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். ஆர்டிஸ் தடுப்பதற்குள் வண்டிக்குள் ஏறி, சோபாவுக்கு எதிரே நின்றாள். அது எழும்பி இறங்கியது. மூன்று தடவை, மெதுவாக.

"என்ன வேணும்மா?" என்று நோரீன் கேட்டாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும்போது கேட்டுப் பழகிய குரல். "குளுருதா? போத்தி விடட்டுமா?"

சோபா ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு மறுபடி மூன்று தடவை எழும்பியது. இறங்கியது. மறுபடியும். மறுபடியும். நோரீன் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். போர்வை விரித்துப் பார்த்தாள். ஹீட்டரைப் போட்டுப் பார்த்தாள். ராத்திரி முழுக்க அரைமணிக்கு ஒரு தரம் அந்த முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நம்மளக் கூப்பிடலக்கா," என்றாள் காலையில். "நாம போய் நின்னாலும் அது நிக்கிறதில்ல பாரு."

"தெரியுது யாரைன்னு," என்றாள் ஆர்டிஸ். வண்டியைத் தாங்கிய ஜாக்கிகளைத் தூக்கினாள். சூரியத் தகட்டை மடித்தாள். சாவியைத் திருகினாள்.

"எங்க போறோம்?"

"டெலிவரி குடுக்க."

வழியில் டயர் ஒன்று இறங்கி இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. கிங்மன் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஊர் எல்லையில் தனித்த வீடு. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, உள்ளே டீவியின் நீல வெளிச்சம். ஆர்டிஸ் முப்பத்திரண்டு அடி வண்டியையும் அவன் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி நீளமாக ஹாரன் அடித்தாள்.

ராய்ஸ் வெளியே வந்தான். ஆள் பெரிய உருவம், கையில் பீர் டப்பா. வண்டியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"வித்தது வித்ததுதான். திருப்பி எடுக்க மாட்டேன்," என்றான்.

"வண்டியைத் திருப்பிக் குடுக்க வரல. வண்டி எங்களுது." ஆர்டிஸ் கதவை அகலத் திறந்தாள். "உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்க வந்தப்புறம் இன்னொரு தரம் செஞ்சு காட்டுறேன்."

அவள் குனிந்து, அவன் பார்க்க, நீல வில்லையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

வண்டி அதிர்ந்தது. உள்ளே இரும்பு இடித்தது. இடித்தது. இடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. தைல வாடை வாசல் தாண்டி முற்றம் வரைக்கும் வந்தது. ராய்ஸின் கையிலிருந்த டப்பா சாய்ந்து பீர் அவன் செருப்பில் ஊற்றியது. அவனுக்கு அது தெரியவில்லை.

"உள்ள வந்து என்னான்னு கேளு," என்றாள் ஆர்டிஸ். "அவ்வளவுதான். ஒரு வார்த்தை. என்னம்மான்னு ஒரே ஒரு வார்த்தை."

அவன் ஓரடி முன்னால் வைத்தான். வாயைத் திறந்தான்.

பிறகு திரும்பி, வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். டீவியின் சத்தம் கூடியது.

ஆர்டிஸ் ஃப்யூஸைத் திரும்ப மாட்டினாள். இடி நின்றது. நோரீன் சோபாவுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கதவச் சாத்திட்டானே," என்றாள்.

"சாத்தட்டும்." ஆர்டிஸ் சோபாவுக்கு முன்னால் வந்து நேராக நின்றாள். நேற்று வரைக்கும் திட்டிய வாயால் முதல் தடவையாக மரியாதையாகப் பேசினாள். "எல்வாம்மா. உங்க பிள்ளை வீடு இதுதான். அவன் வர மாட்டான், நீங்கதான் போகணும். உங்களை யாரும் நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும், நான் பாத்துட்டேன். ஆனா இது என் தங்கச்சி படுக்கை. இதை உங்களுக்குக்கூட நான் விட்டுத் தர மாட்டேன்."

சத்தம் இல்லை.

வண்டி மட்டும் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தது, வாசல்படியில் யாரோ பாரம் கொடுத்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவது போல. பிறகு நிமிர்ந்தது. உள்ளேயிருந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முற்றத்துச் சரளைக்கல் நறுக்கென்று ஒரு தரம் நெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தரம்.

நோரீன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் காத்திருந்தார்கள். சோபா அசையவே இல்லை.

ஆர்டிஸ் வண்டியை எடுத்தாள். தெருமுனையில் திரும்புவதற்காக நிறுத்தியபோது நோரீன் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "அக்கா," என்று மெதுவாகச் சொன்னாள்.

கரண்டில் ஓடும் அந்த வீட்டின் கார் ஷெட் கதவு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மூன்று தடவை.

"கரண்டைப் பிடுங்கப் போறான்க்கா. அவன் புத்தி அதானே."

"பிடுங்கட்டும்," என்றாள் ஆர்டிஸ்.

சொல்லி வாய் மூடுவதற்குள் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. டீவியின் நீல வெளிச்சமும் போயிற்று. அந்தி இருட்டில் வீடு ஒரு கறுப்புக் கட்டியாக நின்றது. தெருவே நிசப்தமாகிவிட்டது.

கதவு தடாலென்று ஏறியது.